0.9 எப்படி 6.4 ஆனது?

நிலாவெளியிலிருந்து 33 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். திருமணமாகி இரண்டு வருடம், இன்னும் கரு தங்கவில்லை. சூலகத்தில் மிஞ்சியிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைக் கணிக்க உதவும் ஏஎம்எச் என்ற ஹோர்மோன் பரிசோதனையைத் திருகோணமலையில் எடுத்தபோது 0.9 வந்தது. "முட்டை முடிஞ்சுது, இனிக் கரு உண்டானாலும் தரமாயிராது" என்று சொந்தக்காரர்கள் சொல்ல, பயந்துபோய் மூன்று மாதம் முருங்கையிலையும் வெந்தயமும் சாப்பிட்டிருக்கிறார். பிறகு கொழும்பில் எடுத்தபோது 6.4. "ஏழு மடங்கு கூடிவிட்டது, இனி ஐவிஎஃப் தேவையில்லைத்தானே?" என்று கேட்கிறார். ஐவிஎஃப் என்பது முட்டையை வெளியே எடுத்து ஆய்வுகூடத்தில் கருக்கட்டவைக்கும் சிகிச்சை.

இரண்டு றிப்போட்டையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள். முதலாவதில் நனோகிராம்/மில்லிலீற்றர், இரண்டாவதில் பிகோமோல்/லீற்றர். முதல் அலகை 7.14ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். 0.9ஐப் பெருக்கினால் 6.4தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண்ணை நம்பி நீங்கள் இன்னும் ஒரு வருடத்தைக் கடத்தினால் அது பெரிய இழப்பு. முருங்கையிலை உடம்புக்கு நல்லது, விட வேண்டாம்.

சரி, 0.9 குறைவா? உங்கள் வயதுக்குக் குறைவுதான். சூலகத்தில் வளரத் தொடங்கிய சின்னஞ்சிறு முட்டைப் பைகள் சுரக்கிற ஹோர்மோன் இது. பைகள் குறைந்தால் அளவும் குறையும். அது எண்ணிக்கையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. மீன் கூடையின் பாரத்தை வைத்து மீன் புதிதா என்று யாரும் சொல்வதில்லை, செவுளைத் தூக்கித்தான் பார்ப்போம். முட்டையின் தரத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது வயது. வயது ஏற ஏற, நிறமூர்த்தங்கள் (பரம்பரைத் தகவலைச் சுமக்கும் குரோமோசோம்கள்) சரியாகப் பிரியாத முட்டைகள் கூடும். 33 வயது உங்களுக்குச் சாதகமான வயது. ஐவிஎஃப் செய்தால் மற்றவர்களுக்குப் பத்து முட்டை கிடைக்கும் இடத்தில் உங்களுக்கு நாலு கிடைக்கலாம். அதில் மூன்று முதிர்ந்து, இரண்டு கருக்கட்டி, ஒன்று ஐந்தாம் நாள்வரை வளரலாம். அந்த ஒன்று, உங்கள் வயதுப் பெண் எவருடைய கருவுக்கும் இளைத்ததல்ல.

அந்த நிலைக்குப் போனால் '4பிபி' என்பதுபோல ஒரு குறிப்பைத் தருவார்கள். எண், கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது. முதல் எழுத்து குழந்தையாகப் போகும் உட்கலங்களுக்கு, அடுத்தது நச்சுக்கொடியாகப் போகும் வெளிப்படைக்கு. 'ஏ' வராமல் 'பி' வந்ததைக் கண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அழாதீர்கள். அது நுணுக்குக்காட்டியில் தெரிகிற தோற்றத்துக்கான மதிப்பெண், நிறமூர்த்தம் அதில் தெரியாது. 'பிபி' கருவிலிருந்தும் ஆரோக்கியமான பிள்ளைகள் பிறக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எஃப்எஸ்எச், ஈஸ்ட்ரடையோல் என்ற இரண்டு ஹோர்மோன்களுக்கான இரத்தப் பரிசோதனை. கூடவே முட்டைப் பைகளை எண்ணும் யோனிவழி ஸ்கான். கருத்தடை மாத்திரை பாவித்திருந்தாலோ சூலகக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்திருந்தாலோ டொக்டரிடம் சொல்லுங்கள், இரண்டும் ஏஎம்எச்சைக் குறைக்கும். முட்டை கருப்பைக்கு வரும் பலோப்பியன் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஏஎம்எச் குறைவு என்பதற்காக மட்டும் இயற்கையாகக் கரு தங்காது என்று அர்த்தமில்லை.

அப்புறம், உங்கள் கடிதத்தில் கணவரின் விந்துப் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. கொழும்புக்கு ரயில் டிக்கெட் எடுக்கமுன் அதைச் செய்யுங்கள். இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். ஆய்வுகூடத்திலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் குளிரூட்டாமல், உடம்புச் சூட்டோடு, ஒரு மணி நேரத்துக்குள் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.