ஜெர்மனியில் மான் வேட்டை: செத்த மானின் வாயில் ஒரு கொப்பு

கேள்வி: நம் ஊரில் மானைத் தொட்டாலே சிறை. வெளிநாடுகளில் எப்படிச் சட்டப்படியே சுடுகிறார்கள்? அங்கே வேட்டைப் பழக்கம் எப்படி இருக்கும்?

நான் வேட்டைக்காரன் இல்லை, உரிமமும் கிடையாது. ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் வடக்கே, பிராங்கோனியா பக்கம் ஒரு சிற்றூரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு (வீட்டுக்காரர் என்றே சொல்கிறேன்) எழுபது வயது தாண்டிவிட்டது, நாற்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவர். அவரோடு சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன். அதனால் ஜெர்மனியைப் பற்றி மட்டும்தான் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும். அமெரிக்கா பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

முதல் தடவை போனது செப்டம்பர் கடைசியில், சாயங்காலம். காட்டு ஓரத்தில் மரத்தால் கட்டிய பரண் ஒன்று, நம் ஊர்ச் சோளக்காட்டுப் பரண் மாதிரிதான், கொஞ்சம் உயரம் அதிகம், மேலே கூரை. அதில் ஏறி இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தோம். இங்கே அதிகம் சுடப்படுவது 'ரே' என்னும் சின்ன மான். மிளா, புள்ளிமான் அளவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஆச்சரியமாக இருக்கும், நல்ல வெள்ளாட்டுக் கிடா அளவுதான், இருபது கிலோ சொச்சம். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தாயும் அதன் குட்டியும் வெளியே வந்து மேய்ந்தன. அவர் துப்பாக்கியை எடுத்தார், நெடுநேரம் பார்த்தார், சுட்டார். விழுந்தது குட்டி.

எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. தாயைக்கூட அல்ல, குட்டியைச் சுடுவதா என்றுதான் எனக்குத் தோன்றியது, நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் தோன்றியிருக்கும். கீழே இறங்கும் முன் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வழக்கம், உயிர் முழுதாகப் பிரியும் வரை போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. அந்த நேரத்தில்தான் மெல்லிய குரலில் காரணத்தைச் சொன்னார். குட்டியை வளர்த்துக்கொண்டிருக்கும் தாயை, சுடும் பருவமே தொடங்கியிருந்தாலும் சுடக் கூடாது, அது இங்கே குற்றம். தாயைச் சுட்டால் குட்டி பனிக்காலத்தில் நின்று நின்று சாகும். அதனால் ஒரு குடும்பத்தில் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் குட்டி, அப்புறம்தான் தாய். எத்தனை குட்டி, எத்தனை பெட்டை, எத்தனை கிடா என்று அந்தக் காட்டுக்கு ஒரு திட்டக் கணக்கு இருக்கிறது, நினைத்ததைச் சுட முடியாது. எனக்குப் புரிந்தது, ஆனாலும் இன்றைக்கும் அந்தக் காட்சி கண்ணுக்குள் இருக்கிறது.

அடுத்து அவர் செய்ததுதான் நான் இந்தப் பதிலை எழுதவே காரணம். குட்டியின் அருகே போய்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பக்கத்து மரத்திலிருந்து சின்னக் கொப்பு ஒன்றை ஒடித்தார், கத்தியால் வெட்டக் கூடாதாம், கையால் ஒடிக்க வேண்டும். அதைக் குட்டியின் வாயில் குறுக்காக வைத்தார். இதற்கு இங்கே 'கடைசிக் கவளம்' என்று பேர். எந்த மரம் என்றுகூட மரபு உண்டு, ஓக், பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர், ஆல்டர் ஆகிய ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொரு கொப்பைக் காயத்தில் தொட்டு எடுத்துத் தன் தொப்பியின் வலப்பக்கம் செருகிக்கொண்டார்.

அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் வாயில் மூன்று தடவை அரிசி போட்டவன் நான். காட்டுக்குள் இருட்டில், ஒரு ஜெர்மன்காரர் செத்த மானுக்கு வாய்க்கரிசி போடுவதைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. அவருக்கு அது விளங்கவில்லை. குளிர்கிறதா என்று கேட்டார்.

அப்புறம் போகப் போக மற்ற வழக்கங்களையும் பார்த்தேன். விழுந்த மிருகத்தைத் தாண்டிப் போகக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். கூட்டு வேட்டை என்றால் முடிந்ததும் எல்லா உடல்களையும் தளிர்க்கொப்பு பரப்பி வலப்பக்கமாகப் படுக்கவைத்து வரிசையாக அடுக்குவார்கள், நான்கு மூலையிலும் தீ வளர்ப்பார்கள், கொம்பு வாத்தியம் ஊதுவார்கள். மானுக்கு ஒரு ராகம், பன்றிக்கு ஒன்று, நரிக்கு ஒன்று, முயலுக்கு ஒன்று. ஊதி முடியும் வரை யாரும் பேச மாட்டார்கள். நவம்பர் 3 புனித ஹூபர்ட்டஸ் நாள், வேட்டைக்காரர்களின் காவல் புனிதர் அவர், அன்றையொட்டித் தேவாலயத்தில் அதே கொம்புகளை ஊதித் திருப்பலி நடக்கும்.

பேச்சும் தனி. வேட்டைக்காரர்கள் மிருகத்தின் இரத்தத்தை இரத்தம் என்று சொல்ல மாட்டார்கள், 'வியர்வை' என்பார்கள். அடிபட்டு ஓடிய மானை மோப்பம் பிடித்துத் தேடும் நாய்க்கு 'வியர்வை நாய்' என்று பெயர். மானின் கண்கள் 'விளக்குகள்'. இதை ஒரு தடவை அம்மாவிடம் போனில் சொன்னேன், நாமும் ராத்திரியில் பாம்பைப் பூச்சி என்றுதானே சொல்வோம் என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். துப்பாக்கி வாங்கியவன் எல்லாம் காட்டுக்குள் போய்விட முடியாது. முதலில் ஒரு தேர்வு, அதை 'பச்சை ப்ளஸ் டூ' என்றே அழைக்கிறார்கள். எழுத்து, வாய்மொழி, சுடுதல் என்று மூன்று பாகம். மிருகங்களின் நோய், மரங்கள், நாய் வளர்ப்பு, சட்டம், இறைச்சிச் சுத்தம் என்று எல்லாம் கேட்பார்கள், பல மாதம் படித்துவிட்டுத் தோற்றவர்கள் உண்டு. உரிமம் உள்ளவர்கள் நாடு முழுக்க நான்கு லட்சத்துக்கும் மேல். ரே மான் மட்டும் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சுடப்படுகிறது. மானை ராத்திரியில் சுடக் கூடாது, அம்பு எய்யக் கூடாது, சிதறு குண்டு கூடாது. காரில் மான் அடிபட்டுச் செத்தால்கூட ஓட்டியவர் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அது திருட்டு வேட்டைக் கணக்கில் வரும். போலீசுக்குச் சொல்ல வேண்டும், அந்தப் பகுதி வேட்டைக்காரர் வந்து எடுப்பார்.

அந்தப் பகுதி என்றேன் இல்லையா, அதுதான் முக்கியம். இங்கே வேட்டை உரிமை நிலத்தோடு சேர்ந்தது. கூட்டாட்சிச் சட்டப்படி 75 ஹெக்டேரோ அதற்கு மேலோ ஒரே துண்டாக நிலம் வைத்திருப்பவர் தன் நிலத்தில் தானே வேட்டையாடலாம். சிறு நிலக்காரர்கள் ஊரோடு சேர்ந்து ஒரு வட்டாரமாகி, அதைக் குத்தகைக்கு விடுகிறார்கள். நம் ஊரில் கண்மாய் மீனைக் குத்தகைக்கு விடுவது போலத்தான். கூட்டாட்சிச் சட்டம் குத்தகைக் காலம் குறைந்தது 9 வருடம் இருக்க வேண்டும் என்கிறது (மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்). ஒரு வருடக் குத்தகை என்றால் எடுத்தவன் வழித்துத் துடைத்துவிட்டுப் போய்விடுவான், ஒன்பது வருடம் என்றால் நாளைக்கும் மான் வேண்டுமே என்ற நினைப்பு இருக்கும். இந்த ஏற்பாடு சும்மா வந்ததும் இல்லை. 1848 புரட்சிக்கு முன்னால் குடியானவன் நிலத்தில் பிரபுக்கள் குதிரையோடு வந்து வேட்டையாடுவார்கள், பயிரை மான் தின்றாலும் அவன் தொட முடியாது. அதை உடைத்துத்தான் உரிமை நிலத்துக்கு வந்தது.

இதில் எனக்கு உறைத்த விஷயம் பயிர்ச்சேதம். மானோ பன்றியோ பயிரைத் தின்றால் விவசாயி அதைத் தெரிந்துகொண்ட ஒரு வாரத்துக்குள் உள்ளூர் நிர்வாகத்தில் சொல்ல வேண்டும், மதிப்பிட்டுப் பணம் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் வேட்டைக் குத்தகைதாரர்தான், ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வருடம் மக்காச்சோளக் காட்டைப் பன்றி உழுதுபோட்டதற்குக் கையிலிருந்து கொடுத்தார். முணுமுணுக்காமல் கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொடுத்தார். அந்த விவசாயியும் அவரும் மறு வாரம் ஒன்றாக உட்கார்ந்து பீர் குடித்தார்கள்.

எனக்கு ஏன் உறைத்தது என்றால், என் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாட்டுக்குப் பக்கம். அங்கே வெளிமான் சரணாலயம் இருக்கிறது. (அறிவியல் கணக்கில் வெளிமான் மானே இல்லை, இரலை, கொம்பு வருடா வருடம் உதிராது. ஊரில் எல்லாருக்கும் அது மான்தான்.) அப்பா வானம் பார்த்த பூமியில் உளுந்தும் கம்பும் போடுவார். மான் இறங்கினால் ஒரு ராத்திரியில் பாதி போய்விடும். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு மார்கழிப் பனியில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை நஷ்டஈடு கேட்டு மனு எழுதிப் போட்டார், இரண்டு தடவை நேரிலும் போய் வந்தார், அவ்வளவுதான், ஒன்றும் வரவில்லை. அப்படி இருந்தும் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு நாட்டுத் துப்பாக்கியோடு வெளியூர் ஆட்கள் வந்தபோது, வரப்பில் நின்று சத்தம் போட்டு விரட்டியவர் அவர்தான். மான் நம்மைச் சாப்பிடுகிறது, ஆனால் அது நம் மான் என்பார்.

நம் ஊர் வேட்டை இன்றைக்கு இப்படித்தான் இருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அது முழுக்கத் திருட்டு வேலையாகிவிட்டது. கண்ணி, டார்ச், பன்றிக்கு அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி). வெளிமானைக் கொன்றால் 3 முதல் 7 வருடம் வரை சிறை. மாட்டிக்கொள்ளும் பயத்தில் எதற்கும் நேரம் இல்லை. அடிபட்டு ஓடியதைத் தேடிப் போக மாட்டார்கள், சினையா குட்டியா என்று பார்க்க மாட்டார்கள். ஒரு காலத்தில் நமக்கும் வேட்டைக்கு முறை இருந்திருக்க வேண்டும், சாமியே குதிரை வாகனம் ஏறிப் பாரிவேட்டைக்குப் போகிற ஊர் நம்முடையது. இப்போது அது சாமியிடம் மட்டும் இருக்கிறது.

அப்படியானால் நாமும் வேட்டையைத் திறந்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது என்பது என் கருத்து. இங்கே ஓநாயை 19ஆம் நூற்றாண்டிலேயே ஒழித்துவிட்டார்கள், 2000த்தில்தான் கிழக்கே லவுசிட்ஸ் பகுதியில் மறுபடி குட்டி போட்டது. தின்ன ஆளில்லாமல் மான் பெருகி இளமரக் கொழுந்தையெல்லாம் கடித்துவிடுகிறது, காடு வளர மாட்டேன் என்கிறது, அதனால் மனிதன் சுடுகிறான். நம் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புலி, சிறுத்தை, செந்நாய் இருக்கின்றன, அந்த மான்கள் அவற்றின் சாப்பாடு. நாம் இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது துப்பாக்கியை அல்ல, ஒரு வாரத்துக்குள் சேதத்தைச் சொன்னால் அதை மதிப்பிட்டு விவசாயிக்குப் பணம் கொடுக்கும் அந்த ஏற்பாட்டை. யார் கொடுப்பது என்பது நம் ஊரில் வேறாக இருக்கும், அரசுதான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் மானைக் காப்பாற்றும் செலவு முழுவதும் உளுந்து போட்டவன் தலையில் விழுவது அநியாயம், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அமெரிக்கா வேறு கதை. கல்லூரித் தோழன் ஒருவன் விஸ்கான்சினில் இருக்கிறான். அங்கே துப்பாக்கி வேட்டைக்கு முக்கியப் பருவம் 9 நாள், நன்றி நவிலல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும், லட்சக்கணக்கான பேர் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டையில் காட்டுக்குள் போவார்கள். அங்கே காட்டு மிருகம் நிலக்காரனுக்குப் போகாது, மாநில மக்கள் எல்லாருக்கும் பொது, அரசு நிலத்தில் சாதாரணத் தொழிலாளியும் உரிமம் வாங்கிக்கொண்டு போகலாம். அந்த விஷயத்தில் அது நல்ல முறை. சுட்ட மானின் இறைச்சியை விற்கக் கூடாது, சாப்பிடலாம், கொடுக்கலாம். ஜெர்மனியிலோ கசாப்புக் கடையிலேயே கிடைக்கும். அவன் போன குழுவில் கொப்பு வைக்கும் வழக்கம் இல்லை, ஆனால் இளைஞன் ஒருவன் முதல் மானைச் சுட்டதும் கிழவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம்.

இறைச்சி எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். கொழுப்பே இருக்காது. வீட்டுக்காரர் கொடுத்த தொடைக்கறியை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தேன், நன்றாக இருந்தது. என் மனைவி தொடவில்லை.

ஜெர்மனியில் இருக்கும் தமிழர்கள் இதையெல்லாம் அருகில் பார்க்க ஆசைப்பட்டால் வேட்டைக்கே போக வேண்டியதில்லை, மே மாதத்தில் மான்குட்டி மீட்கும் குழுக்களில் பெயர் கொடுங்கள். புல் அறுக்கும் காலம் அது. பிறந்து சில வாரமே ஆன குட்டி ஆபத்து வந்தால் ஓடாது, தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், அறுப்பு எந்திரம் அப்படியே மேலே ஏறிவிடும். விடியும் முன் வெப்பக் கேமரா வைத்த டிரோனைப் பறக்கவிட்டுத் தேடுவோம். கையுறை போட்டு, கைநிறையப் புல்லைப் பிடித்து, மனித வாடை படாமல் தூக்க வேண்டும்.

போன மே மாதம் வீட்டுக்காரர் அப்படி ஒரு குட்டியைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். செப்டம்பருக்குப் பிறகு இதே குட்டி உங்கள் பரணுக்கு முன்னால் வந்து நின்றால் சுடுவீர்களா என்று கேட்டேன். சுடுவேன் என்றார், கணக்கில் இடம் இருந்தால். இன்றைக்கு இது கத்தியில் சிக்கக் கூடாது, கால் போய்க் கிடந்து சாகக் கூடாது. அறுப்பு முடிந்ததும் பெட்டியைக் காட்டு ஓரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்தார். குட்டி உடனே வெளியே வரவில்லை. காட்டுக்குள்ளேயிருந்து தாயின் குரல் கேட்ட பிறகுதான் எழுந்து போயிற்று.