பழைய சீலிங் தகட்டின் மேலேயே பலகை அடிக்கலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 1970களில் அப்பா கட்டிய வீடு. ஹால் 12 அடிக்கு 10 அடி. சாம்பல் நிற சீலிங் தகடு தொய்ந்துவிட்டது. அதைக் கழற்றாமல் மேலேயே ரப்பர் மரப் பலகை அடித்துத் தருவதாகச் சொல்லி, கன்ட்ராக்டர் பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார். கறையான் வருமா?

பதில்: சகோதரி, கறையானைப் பிறகு பார்ப்போம். அந்தத் தகட்டில் யாரையும் ஆணி அடிக்க விடாதீர்கள். அந்தக் காலத்துத் தகட்டில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். துளைத்தாலோ உடைத்தாலோ கிளம்பும் தூள் நுரையீரலில் தங்கும். நோய் தெரியவே பல ஆண்டுகள் ஆகும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். அஸ்பெஸ்டாஸ் என்றால், பழகிய ஆட்கள் நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். அதைக் குப்பையோடு போடக்கூடாது என்கிறது சட்டம். ஒரு ஹாலின் தகடுகளை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று சிறு பட்டணத்தில் சொல்வார் இல்லை. செம்பனைத் தோட்ட ஓரங்களில் அவை கொட்டிக் கிடப்பது இதனால்தான். எனக்கு இது ஆறாத கோபம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. சீலிங் பின்னாளில் மாற்றப்பட்டது, ஜிப்சம் பலகை என்று ரசீதே சொல்கிறது, தொய்வில்லை, கூரை ஒழுகவில்லை. இந்த நான்கும் சேர்ந்திருந்தால் அதன் மேல் அடிக்கலாம். அப்போதும் ஆணி ஜிப்சத்தோடு நிற்கக்கூடாது, உள்ளிருக்கும் பெரோத்தியில், அதாவது சீலிங்கைத் தாங்கும் மரச்சட்டத்தில், இறங்க வேண்டும். உங்கள் ஹாலுக்கு மெராந்தி என்ற மரத்தின் அரை அங்குலப் பலகையே ஏறக்குறைய 75 கிலோ வரும். தொய்வு இருக்கிறது என்கிறீர்கள், ஆகவே இந்த விலக்கு உங்களுக்கு இல்லை. தகட்டை இறக்கியதும் ஒழுகலை அடைத்து, உளுத்த பெரோத்தியை மாற்றி, 2 அடிக்கு ஒன்றாகப் புதுக்கட்டை கொடுங்கள். பலகை அதற்குக் குறுக்கே ஓட வேண்டும்.

இனி ரப்பர் மரம். பால் வற்றி வெட்டிய மரம் மலிவுதான். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். மருந்தேற்றாவிட்டால் வண்டு துளைத்து மாவாய்க் கொட்டும், கறையானும் விடாது. போரான் மருந்து ஏற்றியதா என்று எழுதி வாங்குங்கள். ஈரம் பட்டால் அந்த மருந்தும் கரைந்துவிடும். என்னைக் கேட்டால், சூளையில் உலர்த்திய மெராந்தி வாங்குங்கள்.

மரத்தைக் கன்ட்ராக்டர் கையில் விடாதீர்கள், நீங்களே கடைக்குப் போங்கள். இடைத்தரகர்கள் பச்சை மரத்தை 'காய்ந்தது' என்று தலையில் கட்டுவார்கள்; சில மாதத்தில் இடைவெளி விழும். ஈரமானி வைத்துக் காட்டச் சொல்லுங்கள், 16 சதவீதத்தைத் தாண்டினால் வேண்டாம். அளவிலும் ஏமாற்றுவார்கள். ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் 4 அங்குலப் பலகை மூடுவது மூன்றரை அங்குலம்தான். உங்கள் 120 சதுர அடிக்கு, வெட்டுக் கழிவும் சேர்த்து, 150 சதுர அடி வாங்க வேண்டும். இதை முதலில் சொல்லாமல், பாதி வேலையில் கூடுதல் பணம் கேட்பார்கள்.

பாதிப் பணமா? வேண்டவே வேண்டாம். வேலை நகர நகரக் கொடுங்கள், ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் போடலாம். ரசீதில்லாமல் போனால் உங்கள் பேச்சுக்குப் பிடிமானம் இருக்காது. நம் தோட்டத்து மக்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதே இல்லை.

பலகை வந்ததும், இடையில் குச்சி வைத்து, அதே ஹாலில் 2 வாரம் அடுக்கி வையுங்கள். சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடம் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். அதை ஓரச்சட்டம் மறைத்துவிடும்.