உப்புத் தண்ணீரும் மணலும்: கடலோரக் கல்லூரி வளாகத் தோட்டம் – கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோரக் கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் பொதுத் தோட்டம் போட முன்வந்திருக்கும் மாணவர்களும் ஊழியர்களும் கேட்டவை இவை. கடலோரக் காய்கறிச் சாகுபடி தெரிந்த தோட்ட ஒருங்கிணைப்பாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

அண்ணே, இருபது பேர் பெயர் கொடுத்திருக்கோம். எத்தனை பாத்தி போடலாம்? (மாணவர், தொண்டி)

தம்பி, ஆள் கணக்கை விடுங்க, தண்ணீர்க் கணக்கைப் பாருங்க. நாலடி அகலம், பத்தடி நீளம் உள்ள ஒரு பாத்திக்கு வெயில் நாளில் சுமார் 20 லிட்டர் வேண்டும். மணலில் அதை ஒரே தடவையில் ஊற்றினால் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். காலையில் பாதி, மாலையில் பாதி ஊற்றுங்க. எட்டு பாத்தி என்றால் நாளைக்கு 160 லிட்டர். இவ்வளவும் விடுமுறை நாளிலும் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுங்க. நாலடிக்கு மேல் அகலம் வைத்தால் நடுவில் கை எட்டாது, பாத்தியை மிதிக்கத்தான் வேண்டிவரும்.

இருபது பேருக்கு எட்டு பாத்தியே தாராளம். பாத்திக்கு இருவர், மீதி நாலு பேர் உரக்குழிக்கும் நாற்றங்காலுக்கும். எல்லாரும் சனிக்கிழமை மட்டும் கூடுவதாக ஏற்பாடு செய்யாதீங்க. தண்ணீர் ஊற்றுவது தினசரி வேலை. முறைப் பட்டியலை மோட்டார் அறைக் கதவில் ஒட்டுங்க.

எங்க போர் தண்ணீர் கொஞ்சம் கரிக்குது. காய்கறி வருமா? (மாணவி, கீழக்கரை)

நாக்கை நம்பாதம்மா. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பார். எண் 500-க்குள் (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) இருந்தால் எதுவும் போடலாம். 1000 வரை தக்காளி தாங்கும், பீன்ஸ் தாங்காது, மிளகாயில் மகசூல் கொஞ்சம் குறையும். 1000 முதல் 2000 வரை என்றால் தட்டைப்பயறு, சீனியவரை, பீட்ரூட். அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைக் காய்கறிக்கு விடாதே, மழையை நம்பி மழைக்காலத்தில் மட்டும் பயிர் செய்.

மாதம் ஒரு தடவையாவது அளக்க வேண்டும். நவம்பரில் நல்ல எண் காட்டும் கிணறு மே மாதம் வேறு எண் காட்டும். மழை இல்லாத மாதங்களில் மோட்டார் இழுக்க இழுக்க உப்பு ஏறும்.

விடுதி ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீர் தினமும் வீணாகிறது. தோட்டத்துக்குத் திருப்பிவிடலாமா சார்? (விடுதிக் காப்பாளர், ராமநாதபுரம்)

வேண்டாம் சார். குடிநீரிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. போர் தண்ணீரை விட அது மோசம். அதைக் கழிப்பறைக்கு விடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, அதைக் குடத்தில் பிடித்து நாற்றங்காலுக்குத் தரலாம். அரிசி கழுவிய நீரும் நல்லது. கைகழுவும் சோப்புத் தண்ணீரைக் கல்வாழை வரிசைக்கு விடுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றாங்களே, நாங்க ஆடியிலேயே தொடங்கலாமா? (மாணவர், தேவிபட்டினம்)

நம்ம கடற்கரையில் ஆடியில் காற்றுதான் இருக்கும், மழை இருக்காது. தென்மேற்குப் பருவமழை நமக்குச் சொற்பம், நம்ம மழை வடகிழக்குப் பருவத்தில்தான். மானாவாரி மிளகாய்க்காரர்கள் புரட்டாசியில் விதைப்பதும் அதனால்தான்.

ஆடியை உரத்துக்கு ஒதுக்குங்க. பாத்திக்கு 20 கிராம் தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரச்செடி) விதை தூவுங்க. உப்பைத் தாங்கும். 45 நாளில் பூக்கும் தருவாயில் மடக்கி மண்ணோடு புரட்டிவிடுங்க. முற்றவிட்டால் தண்டு நாராகி மக்க நாளாகும். ஆவணிக் கடைசியில் மிளகாய், கத்தரி நாற்று விடுங்க. மிளகாய் நாற்று 40 நாளில் தயார். அதற்குள் முதல் மழை மேல்மண் உப்பைக் கொஞ்சம் கழுவியிருக்கும்.

அந்த மழையை வீணாக்காதீங்க. ஓரடி மண்ணிலிருக்கும் உப்பில் பெரும்பகுதியைக் கழுவ ஓரடி, அதாவது 300 மில்லிமீட்டர் நல்ல தண்ணீர் தேவை. பாத்தியைச் சுற்றி அரையடி வரப்பு கட்டினால் விழும் மழை ஓடாமல் அங்கேயே இறங்கும். நட்ட பிறகு, அடைமழையில் தண்ணீர் தேங்கினால் வரப்பில் ஓரிடத்தை வெட்டிவிடுங்க.

நாற்றுக்கு வாங்கும் தென்னைநார்க் கழிவைக் கழுவாமல் நிரப்பாதீங்க, அதிலேயே உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்து, வடிநீரை மீட்டரில் அளங்க. 500-க்குக் கீழே வரும்வரை கழுவுங்க.

பாத்தியில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறது. ஜிப்சம் போடலாமா? (உதவிப் பேராசிரியர், மண்டபம்)

மண் பரிசோதனை இல்லாமல் போடாதீர்கள் மேடம். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மருந்து. உப்பு மட்டும் மிகுந்த உவர் மணலில் போட்டால் உப்போடு இன்னொரு உப்பைச் சேர்த்த கதைதான். மாதிரியை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள்.

பொரிந்ததை ஓரங்குலம் சுரண்டித் தோட்டத்துக்கு வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மேட்டின் உச்சிக்கு ஏறி நிற்கும். பார் (நீளவாக்கு மேடு) பிடித்து நடுகிறவர்கள் உச்சியில் நட்டுவிட்டு, செடி ஏன் கருகுகிறது என்று தேடுகிறார்கள். பாரின் பக்கச் சரிவில், பாதி உயரத்தில் நட வேண்டும். மேலே மூன்றங்குலம் காய்ந்த இலை மூடாக்கு போட்டால் ஆவியாவது குறையும்.

கரையில் ஒதுங்கும் கடற்பாசியை உரமாக்கலாமா? (மாணவி, தங்கச்சிமடம்)

ஆகும். ஆனால் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது. பாசி வளர்ப்பவர்களிடம் அறுவடைக் கழிவைக் கேட்டு வாங்குவதே முறை. நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, காயவைத்து, உரக்குழியில் பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் போகாமல் காய்ந்த இலை, சாணத்தோடு அடுக்கம்மா. அலசாத பாசி உப்பு மூட்டைதான்.

மிளகாய் இலை சுருளுது, என்ன அடிக்கணும்? (மாணவர், சாயல்குடி)

முதலில் எந்தப் பக்கம் சுருளுதுன்னு பாருங்க தம்பி. மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிலந்திப்பேன். சுருளாமல் நுனியும் ஓரமும் மட்டும் கருகினால் பூச்சியே இல்லை, உப்பு. அதற்கு மருந்தடித்துப் பயனில்லை. தண்ணீரை அளங்க.

பேன் என்றால் வேப்பங்கொட்டைக் கரைசல்: அரைக் கிலோ பருப்பை இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து மாலையில் அடிங்க. இலையின் அடிப்பக்கம் நனையணும், அங்கேதான் பேன் இருக்கும்.

காற்றும் மயிலும் தொல்லை. (தோட்டப் பணியாளர், ஏர்வாடி)

காற்றுக்குச் சுவர் வேண்டாம்ணே, சுவரைத் தாண்டும் காற்று உள்பக்கம் சுழன்று அடிக்கும். ஐந்தடிப் பனைமட்டை வேலியை இடைவெளி விட்டுக் கட்டுங்க, காற்று பாதி புகுந்து போகட்டும். வேலி உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை, ஐம்பதடி, ஓரளவு அடங்கும். மயிலைத் துன்புறுத்துவது சட்டப்படி குற்றம். நாற்று வேர்பிடிக்கும் வரை வளைத்த குச்சிமேல் வலை போட்டு மூடுங்க, ஓரத்தை மண்ணில் புதைங்க.

ஏப்ரலில் எல்லாரும் ஊருக்குப் போயிடுவோம். அப்புறம்? (மாணவி, ராமேஸ்வரம்)

பங்குனிக்குள் அறுவடை முடிகிற பயிரை மட்டும் போடுங்க. வேரைப் பிடுங்காமல் தண்டைத் தரைமட்டத்தில் அறுத்து, நாலங்குல மூடாக்கு போட்டு, அப்படியே விட்டுப் போகலாம். முருங்கை, கறிவேப்பிலை மட்டும் கோடையில் நிற்கட்டும். அதற்கு வாரம் இரண்டு தடவை ஊற்ற, வளாகத்திலேயே குடியிருக்கும் ஊழியர் ஒருவரிடம் பேசி, விளைச்சலில் பங்கையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்க.

இந்த வேலை நாட்டு நலப்பணித் திட்ட மணிக்கணக்கில் சேருமா? (அதே மாணவி)

திட்ட அலுவலர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் சேரும். ஆண்டுக்கு 120 மணி, இரண்டு ஆண்டில் 240. தேதி, நேரம், செய்த வேலை மூன்றையும் நோட்டில் அன்றன்றே எழுதி வாரம் ஒருமுறை அவரிடம் கையெழுத்து வாங்கம்மா. அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் டிடிஎஸ் எண்ணையும் மழையளவையும் குறித்து வை. அடுத்த ஆண்டு வருகிறவர்கள் எந்தப் பாத்தியில் எதை நடுவது என்று அதைப் பார்த்து முடிவு செய்வார்கள்.