குழந்தை திடீரென்று இறைச்சியை ஒதுக்கினால் கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். முதலில் காரணத்தைக் கேளுங்கள். சின்ன வயதில் பல குழந்தைகளுக்குத் தட்டில் இருப்பது ஒரு விலங்கின் உடல் என்பதே தெரியாது. பள்ளிப் பருவத்தில் அது புரியும்போது சிலருக்கு மனசு ஒப்பாது. அது உண்மையான இரக்கம். பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள்.

வேறு காரணமும் இருக்கலாம். 6 முதல் 12 வயதுவரை பால் பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்கும் காலம். ஆடும் பல்லோடு நார் நாரான இறைச்சியை மெல்வது சிரமம். வாயில் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருந்து, கடைசியில் சக்கையாகத் துப்பினால் பல்லைப் பாருங்கள். அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் தோழி முகம் சுளித்தாலே போதும், மறுநாள் இவளும் வேண்டாம் என்பாள்.

சத்து விஷயத்தில் கவனிக்க வேண்டியவை முக்கியமாக இரும்பும் பி12 வைட்டமினும். பருப்பு, பயறு, கீரையில் உள்ள இரும்பு உடலில் குறைவாகத்தான் சேரும். கூடவே எலுமிச்சை, கொய்யா போல வைட்டமின் சி உள்ளதைக் கொடுத்தால் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம். பி12-க்குப் பால், தயிர், முட்டை போதும். அவையும் வேண்டாம் என்றால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையோ சொட்டு மருந்தோ தொடங்கிவிடுங்கள்.