ஈரல் ஸ்கான்: வெறும் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள்

சீனி வருத்த கிளினிக்குகளில் "ஈரலையும் ஒருக்கா பார்த்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் போல. இம்முறை வந்த கடிதங்களில் பாதி பைப்ரோஸ்கான் பற்றியவைதான்: அதிர்வை அனுப்பி ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கான் அது. தழும்பு கூடினால் ஈரல் இறுகும்.

சாதாரண ஸ்கானில் 'கொழுப்பு ஈரல், கிரேட் 2' என்று வந்துவிட்டது. அப்புறம் இது எதற்கு? – வாசகி, வெள்ளவத்தை

கொழுப்பு வேறு, தழும்பு வேறு. ஈரலைக் கெடுப்பது தழும்பு. சாதாரண ஸ்கானில் அது நன்றாக முற்றிய பிறகே தெரியும். ஆனாலும் எல்லோரும் ஓட வேண்டியதில்லை. வயது, இரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் ஆகிய நான்கையும் வைத்துப் போடும் ஃபிப்-4 கணக்கு 1.3க்குக் கீழே இருந்தால் (65 தாண்டியவர்களுக்கு 2) பெரும்பாலும் இப்போதைக்கு ஸ்கான் தேவைப்படாது. உங்கள் டொக்டரிடம் முதலில் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு 1.9, தம்பிக்கு 6. என்னுடைய ஈரல்தானே நல்லது? – பம்பலப்பிட்டி

எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதையும் வாசியுங்கள் ஐயா. தம்பியுடையது கிலோபாஸ்கல், அதாவது இறுக்கத்தின் அளவு. உங்களுடையது, நீங்கள் அனுப்பிய படத்தில் தெளிவாகவே இருக்கிறது, செக்கனுக்கு 1.9 மீற்றர். அதிர்வு ஈரலுக்குள் ஓடும் வேகம் அது. ஈரல் இறுக இறுக வேகம் கூடும். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, பிறகு மூன்றால் பெருக்கினால் கிலோபாஸ்கல் கிடைக்கும். உங்களுக்குக் கிட்டத்தட்ட 11 வருகிறது. தம்பி வீட்டில் இருக்கட்டும், நீங்கள் இந்த வாரமே டொக்டரைப் பாருங்கள்.

ஸ்கான் 9.4. பயப்பட வேண்டுமா? – வட்ஸ்அப், பெயர் இல்லை

இந்த மாதம் இப்படி வந்த நான்காவது செய்தி. வயது இல்லை, சீனி வருத்தம் உண்டா என்று இல்லை, எந்த மெஷின் என்று இல்லை. எதை வைத்துப் பதில் சொல்வது?

போன வருடம் ஒரு மகன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், பொங்கலும் வடையும் சாப்பிட்டு, அப்படியே ஓரிடத்தில் ஸ்கானும் செய்திருக்கிறார்கள். ஒன்பது சொச்சம் வந்தது. மகன் மூன்று இரவு தூங்கவில்லை. அடுத்த வாரம் காலையில் வெறும் வயிற்றில் செய்தோம்: 6. ஒரு வாரத்தில் ஈரல் குணமாகவில்லை, வயிறு காலியாக இருந்தது, அவ்வளவுதான். சாப்பிட்டால் ஈரலுக்குப் பாயும் இரத்தம் கூடி, அது இறுகியதுபோல் காட்டும். மூன்று மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது. சீனி போட்ட பிளேன்டீயும் சாப்பாடுதான். அண்மையில் செங்கண்மாரி வந்தவர், பித்தக் குழாய் அடைத்தவர், இதயம் பலவீனமானவர் ஆகியோருக்கும் எண் பொய்யாக ஏறும்.

இன்னொன்று. மெஷின் குறைந்தது பத்துத் தடவை தட்டி, நடு எண்ணைத் தருகிறது. அந்தப் பத்தும் எவ்வளவு சிதறின என்பது ஐ.கியு.ஆர். என்று சதவீதத்தில் வரும். 7க்கு மேற்பட்ட எண்ணுக்கு இது 30ஐத் தாண்டினால் நம்ப முடியாது, திரும்பச் செய்ய வேண்டும். சில இடங்களில் இந்த வரியை வெட்டிவிட்டு ஒற்றை எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். காசு கொடுப்பது நீங்கள். முழு ரிப்போட்டையும் கேட்டு வாங்குங்கள்.

சனிக்கிழமை மட்டும்தான் சாராயம். ஸ்கான் 5. தொடரலாமா?

அந்த 5 இதுவரை குடித்ததற்கான கணக்கு. அடுத்த சனிக்கிழமைக்கான பெர்மிட் அல்ல.

அம்மாவுக்கு 14. கீழ்க்காய்நெல்லிச் சாறு குடித்தால் இறங்குமா? – கொட்டாஞ்சேனை

தழும்பைக் கரைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. கொழுப்பு ஈரலாக இருந்தால் எடை குறைப்பது உதவும்: 80 கிலோ உள்ளவர் ஏழெட்டுக் கிலோ. அதைவிட அவசரம், 14 என்றால் ஈரல் நிபுணர் பார்க்க வேண்டும். சாற்றை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

அப்பாவுக்கு வயிற்றில் நீர். மெஷின் எண்ணே காட்டவில்லை. வேறிடத்தில் செய்யலாமா?

வேண்டாம். அந்த அதிர்வு நீரைத் தாண்டி ஈரலுக்குப் போகாது. நீர் ஏன் கட்டியது என்று பாருங்கள், உடனே.

5.2 வந்தது. ஆகவே புற்றுநோய் இல்லைதானே?

பைப்ரோஸ்கான் அளப்பது ஈரலில் ஒரு சுண்டுவிரல் அளவு இடத்தின் இறுக்கத்தை. கட்டி தேடுவது அதன் வேலையல்ல.

போன வருடம் ஓரிடத்தில் 6.8, இந்த வருடம் இன்னோரிடத்தில் 7.6. கூடிவிட்டதா? – தெஹிவளை

சொல்ல முடியாது. வேறு மெஷின், வேறு கை. பழைய இடத்திலேயே இன்னொரு தடவை செய்யுங்கள். வெறும் வயிற்றில்.