நாயை எப்போது அவிழ்ப்பது?

கேள்வி: விவசாய நிலத்தில் மான் வேட்டையாட உரிமமும் நிலக்காரரின் அனுமதியும் வைத்திருக்கிறேன். போன வாரம் பொழுது சாயும் நேரத்தில், வயலோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மானைச் சுட்டேன். முதுகைக் கூனிக்கொண்டு மக்காச்சோளத்துக்குள் ஓடியது. உடனே நாயை அவிழ்த்துவிட்டேன். அது குரைத்துக்கொண்டே விரட்ட, மான் பக்கத்து நிலத்துக்குள் போய்விட்டது. மறுநாள் செத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தோம், இறைச்சி கெட்டிருந்தது. என் நாய்க்குப் பழக்கம் போதவில்லையா? பழக்கிய வேறு நாய் வாங்கிவிடலாமா?

பதில்: ஓடுவதைக் கண்டால் நாய் விரட்டத்தான் செய்யும். அவசரப்பட்டது நீங்கள்.

'முதுகைக் கூனிக்கொண்டு' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். நெஞ்சில் குண்டு பட்ட மான் பெரும்பாலும் முன்னால் பாய்ந்து ஓடி, நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். முதுகை வளைத்தால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படி அடிபட்டது, யாரும் பின்னால் வரவில்லை என்றால், பக்கத்திலேயே மறைவு பார்த்துப் படுத்துக்கொள்ளும். படுத்ததைக் கிளப்பிவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல முடியாது. உங்கள் நாய் கிளப்பிவிட்டது.

அடுத்த முறை சுட்டதும் எழுந்திருக்காதீர்கள். மான் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், மங்கல் வெளிச்சத்தில் அந்த இடம் கண்முன்னே மாறிப்போகும். எழும் முன் நீங்கள் இருந்த இடத்திலும் ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து, நாயைக் கட்டிவைத்துவிட்டு, நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். நுரை கலந்த வெளிர்சிவப்பு ரத்தம் நுரையீரலைக் காட்டும், கருஞ்சிவப்பு கல்லீரலாக இருக்கலாம். பச்சையாக, இரை கலந்து, நாற்றமடித்தால் வயிறுதான். தடத்தின் மேல் நடந்துவிடாதீர்கள், செருப்பில் ஒட்டிய ரத்தம் அப்புறம் நாயைக் குழப்பும்.

நுரையீரல் என்றால் நாயோடு கிளம்பலாம். கல்லீரல் என்றால் மூன்று நான்கு மணி நேரம், வயிறு என்றால் குறைந்தது ஆறு மணி நேரம். இரவில் துப்பாக்கியோடு போகக்கூடாத இடமானால் விடியும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அதற்குள் இறைச்சி கெட்டுவிடுமே என்பீர்கள். வெப்பமான இரவில் கெடலாம்தான். குடல் கிழிந்த மானில் அந்த ஆபத்து எப்படியும் உண்டு. எனக்கு இறைச்சியைவிட, அந்த மான் வலியோடு இரண்டாம் முறை ஓடியதுதான் உறுத்துகிறது. கடைசி வெளிச்சத்தில் தோட்டா எங்கே படும் என்று உறுதியில்லாவிட்டால் சுடாமல் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

நாயை அவிழ்க்கவே வேண்டாம். பத்து மீட்டர் நீள வாரில் கட்டி, மெதுவாக அதன் பின்னால் போங்கள். நாய் ரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை. மானின் குளம்புப் பிளவுக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது, ஒவ்வொரு அடியிலும் அதன் வாசனை மண்ணில் ஒட்டும். அதனால்தான் ரத்தம் நின்றுபோன இடத்திலும், வேறு மான்கள் குறுக்கே போயிருந்தாலும், பழகிய நாய் அந்த ஒரு மானையே பிடித்துக்கொண்டு போகிறது. சில மணி நேரம் கழிந்த தடம் அதற்கு ஒன்றும் பெரிதில்லை. ஆக, காத்திருப்பதால் நாய்க்கு நஷ்டமில்லை. நாயைக் கொண்டு மானை விரட்டுவது பல இடங்களில் சட்டப்படி குற்றம், வாரில் கட்டித் தேடுவதற்கு மட்டுமே அனுமதி. உங்கள் உரிமத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து நிலக்காரரிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். அவர் கால்நடை மேயும் இடத்துக்குள் ராத்திரியில் நாயும் டார்ச்சுமாக நுழைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

வேறு நாய் வாங்க வேண்டாம். ஒரு மான் குளம்பைக் கயிற்றில் கட்டிப் புல்லில் இழுத்து, இரண்டு மணி நேரம் விட்டு, நாயை வாரில் கட்டித் தேடவிடுங்கள். பழகப் பழகத் தடத்தை நீளமாக்கி, நேரத்தையும் கூட்டுங்கள். தடத்தின் முடிவில் குளம்பு கிடக்க வேண்டும், நாய் அதை ஆசை தீர முகர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.