அம்மாவுக்கு ஒரு ரோபோ

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்தபின் அம்மா தனியாக வசிக்கிறார். தினமும் தொலைபேசியில் பேசுகிறேன். ‘சாப்பிட்டேன், தூங்கினேன்’ என்பதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் வருவதில்லை. பேச்சுத்துணைக்கு ரோபோ ஒன்றை வாங்கித் தரலாமா என்று யோசித்தேன். ‘இயந்திரத்தைக் கொடுத்து அம்மாவை ஏமாற்றப் பார்க்கிறாயா?’ என்று அக்கா கொதித்துவிட்டார். இவை உண்மையிலேயே மனத்துக்கு ஏதும் நன்மை செய்கின்றனவா? வாங்கினால் அம்மாவிடம் என்னவென்று சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அக்காவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ‘ஏமாற்று’ என்ற குற்றச்சாட்டை எல்லா ரோபோக்கள்மீதும் ஒரேயடியாகச் சுமத்த முடியாது. பேசுகிறவை, பேசாதவை என்று முதலில் பிரித்துக்கொள்வோம்.

பேசாதவற்றில் புகழ்பெற்றது பாரோ. ஜப்பானியப் பொறியாளர் தகனோரி ஷிபாதா 1993-ல் தொடங்கி உருவாக்கிய வெள்ளை சீல் குட்டி. தடவினால் தலையைத் திருப்பும், கண்களை மூடித் திறக்கும், முனகும். அவ்வளவுதான். நாய், பூனை என்றால் நமக்கு நன்றாகத் தெரியும். குறை உடனே கண்ணில் பட்டுவிடும். சீலோடு குடித்தனம் நடத்தியவர் யார்? அதனால்தான் அந்த உருவம். 2009-ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இதை மருத்துவக் கருவியாகவே வகைப்படுத்தியது.

ஆஸ்திரேலியாவில் டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ள 415 முதியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பாரோ. இன்னொரு பிரிவினருக்கு இயக்கம் நிறுத்தப்பட்ட அதே பாரோ, அதாவது வெறும் பொம்மை. மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். இயங்கும் பாரோவிடம் முதியவர்கள் அதிகம் பேசினார்கள், அதிகம் பார்த்தார்கள். வழக்கமான பராமரிப்போடு ஒப்பிட்டால் மனநிலையிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் பொம்மையை அது தெளிவாக முந்தியது அந்த ஈடுபாட்டில் மட்டும்தான். உங்கள் அம்மாவுக்கு டிமென்ஷியா இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை என்பதால் இதை அப்படியே அவருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது: இங்கே ஆறுதல் தருவது இயந்திரத்தின் அறிவு அல்ல. மடியில் ஒன்று கிடக்கிறது, அதைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணவரை இழந்தவருக்குத் துணை மட்டுமா போகிறது? காலையில் எழுந்து ஒருவருக்காகச் செய்த வேலைகளும் போய்விடுகின்றன. பாரோ எந்த அன்பையும் வாயால் சொல்வதில்லை. அதனால் அது பொய்யும் சொல்வதில்லை.

பேசும் ரோபோ விஷயத்தில்தான் நான் அக்காவின் பக்கம் சாய்கிறேன். 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல். அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியே போங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். இன்றைய இயந்திரங்கள் அதைவிடப் பல மடங்கு நயமாகப் பேசும். அதோடு, அவற்றின் பேச்சு பெரும்பாலும் எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வரிலிருந்து, அதாவது அவர்களுடைய கணினியிலிருந்து, இணையம் வழியாக வருகிறது. ஜிபோ என்ற வீட்டு ரோபோ 2017-ல் விற்பனைக்கு வந்தது. தன் சர்வர்கள் நிறுத்தப்படப்போவதை 2019-ல் தன் வாயாலேயே அறிவித்து விடைபெற்றது. குழந்தைகளுக்கான மாக்ஸி என்ற பேசும் ரோபோவை விற்ற நிறுவனமும் 2024 இறுதியில் மூடப்படுவதாகச் சொன்னது. பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று பெற்றோர் திண்டாடினார்கள். ஏற்கெனவே ஓர் இழப்பில் இருப்பவரிடம் இப்படியொன்றைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வராது.

இருந்தும் பேசும் ரோபோதான் வேண்டுமென்றால் விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இணையம் இல்லாவிட்டால் இது என்ன செய்யும்? அம்மா பேசுவதெல்லாம் எங்கே சேமிக்கப்படும், யார் கேட்பார்கள்? பதிலில் மழுப்பல் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ‘சாப்பிட்டேன், தூங்கினேன்’ என்பது உண்மைதானா என்று உங்களில் ஒருவர் நேரில் போய்ச் சில நாட்கள் தங்கிப் பாருங்கள். உணவும் உறக்கமும் வாரக்கணக்கில் குலைந்திருந்தால் அவரை மருத்துவரிடம்தான் அழைத்துப்போக வேண்டும்; ரோபோவைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இயந்திரம் என்றே சொல்லுங்கள். வாங்கிவந்த பிறகு அல்ல, வாங்குவதற்கு முன்பே. படத்தைக் காட்டி, வேண்டுமா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பிறந்தநாள் பரிசாகவும் அனுப்பிவைக்காதீர்கள்.